மழைக்கு ஒதுங்கிய சைக்கிள்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிஎம்எக்ஸ் சைக்கிள் பழகுகிற பிள்ளைகளுக்கு மழை ஒரு தொல்லை, காற்று இன்னொரு தொல்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் எளிதில் விடாது. அது ஓய்ந்து தரை காய்ந்து வருவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். நடுவில் கிடைக்கும் நல்ல நாட்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்றுக்கு, முன்சக்கரத்தின் மேல் ஒற்றைக்காலில் நிற்கும் பையனைச் சாய்ப்பது பெரிய வேலையா? ஆகவே இந்த விளையாட்டுக்கு எங்கள் ஊரில் கூரை வேண்டும். கூரை கிடைத்தது. வருஷம்தோறும் ஆயுத பூஜை விடுமுறையில் அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு நாள் போட்டி நடக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நான் சைக்கிள் ஓட்டுகிறவள் இல்லை. நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலை செய்த காலத்தில் பெரும்பகுதி விபத்துப் பிரிவில் கழிந்தது. என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கும்போது இந்தச் சைக்கிளைப் பிடித்தான். அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து போட்டி வைக்கத் தொடங்கியபோது, "சித்தி, முதலுதவி மேசையில நீங்க இருந்தா எங்களுக்கு ஒரு தைரியம்" என்று கூப்பிட்டான். பஞ்சும் கட்டுத்துணியும் ஐஸ் பெட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து அந்த மேசை என் மேசை. அங்கிருந்து பார்த்தால் ஏறித் தாவுவதற்கான வளைந்த சரிவுமேடையான ராம்பும் தெரியும், தரையும் தெரியும், விழுகிறவன் முகமும் தெரியும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிஎம்எக்ஸ் என்பது 20 அங்குலச் சக்கரம் வைத்த குட்டைச் சைக்கிள். கியர் கிடையாது. சீட்டு மிகத் தாழ்ந்திருக்கும். உட்கார்ந்து போவதற்காக வைத்த சீட்டு இல்லை அது, முழங்காலுக்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மண்மேடுகளில் தாவி ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்த சிறுவர்கள் தங்கள் சைக்கிளில் அதையே செய்யப் புறப்பட்டார்கள். பந்தயம் ஒரு பக்கம் வளர்ந்தது. பாப் ஹாரோ போன்றவர்கள் வித்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அது ஃப்ரீஸ்டைல் ஆனது. பந்தயம் 2008 பெய்ஜிங்கில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. ராம்பில் செய்யும் ஃப்ரீஸ்டைல் டோக்கியோவில் வந்தது. வெறும் சமதளத்தில் செய்யும் ஃபிளாட்லேண்ட் இதுவரை ஒலிம்பிக்கில் இல்லை. எனக்கு எல்லாவற்றிலும் அதிகமாகப் பிடித்தது அந்த ஃபிளாட்லேண்ட்தான். காரணம் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கூரை முன்பு ஓர் அண்டியாபீஸ். மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கு மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு: முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அண்டியாபீஸ் கூலியில்தான். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைப்பார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து மருந்துக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஆலை மூடி, வெகுநாள் பூட்டிக் கிடந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கூரைத் தகடுகள் பாதி பறந்து பக்கத்து ரப்பர் தோட்டத்தில் போய் விழுந்தன. அந்தத் தோட்டத்து மரங்களே முறிந்து கிடந்தன. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கு அதைச் சரிசெய்ய ஆள் இல்லை. பையன்கள் போய்ப் பேசினார்கள்: கூரையை நாங்கள் போட்டுத் தருகிறோம், வாடகை இல்லாமல் எங்களுக்கு விடுங்கள். அவர் ஒத்துக்கொண்டார்.

அதற்கு முன் ஓர் உள்விளையாட்டு அரங்கில் கேட்டுப் பார்த்திருந்தோம். தரை கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. சக்கரத்தின் அச்சில் உருளையாக நீட்டிக்கொண்டிருக்கும் பெக் ஒருமுறை சாய்ந்து உரசினால் போதும், மரத்தரையில் கோடு விழுந்துவிடும். அண்டியாபீஸ் தரைக்கு அந்தக் கவலை கிடையாது. பழைய காலத்துச் சிமெண்டு, நாற்பது ஐம்பது பெண்கள் வருஷக்கணக்காக நடந்தும் இருந்தும் தேய்த்த தரை. கண்ணாடிபோல வழுவழுப்பு, ஆனால் வழுக்காது. எண்ணெய்க் கறை பிடித்த இடங்களில் மட்டும் வழுக்கும். முதல் வருஷம் பையன்கள் சோப்புத்தூள் போட்டு நாள்கணக்கில் தேய்த்தார்கள். இப்போதும் ஈரம் அதிகமான நாளில் அந்தப் பழைய சுட்ட ஓட்டு வாசனை சுவரிலிருந்து வரும். சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் அது என்ன வாசனை என்று கேட்டான். எங்கள் பிள்ளைகள் அவனைக் கூட்டிப்போய் மூலையில் இருக்கும் வறுக்கும் அடுப்பைக் காட்டினார்கள். ஒருத்தன் தன் அம்மா எந்த இடத்தில் உட்கார்ந்து உடைத்தாள் என்று காட்டினான். அந்த இடத்தில்தான் இப்போது அவன் சுற்றுகிறான்.

வாசலில் ஒரு வாளியும் பழந்துணியும் இருக்கும். உள்ளே வருகிற எந்தச் சைக்கிளும் டயர் துடைக்காமல் வரக்கூடாது. வெளியே செம்மண் சகதி. ஈர டயரோடு ஒருத்தன் ஒரு சுற்று வந்தால், அடுத்து வருகிறவன் விழுவான். போன வருஷம் ஜெயித்தவனானாலும் புதிதாக வந்த எட்டாம் வகுப்புப் பையனானாலும் குனிந்து துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். நான் பார்த்த ஆஸ்பத்திரிகளில் கைகழுவும் விதியை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் எத்தனையோ புண் சீழ் வைத்திருக்காது.

ராம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவார்ட்டர் பைப் என்பது வட்டத்தின் ஒரு துண்டு. மேடை 5 அடி உயரம் என்றால் வளைவின் ஆரம் 7 அடி, 8 அடி என்று அதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த வளைவு ஓர் இடத்தில் பிசகினாலும் சக்கரம் தட்டும். முதலில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்பில் செய்தார்கள், வளைவு கூடிவரவில்லை. அப்புறம் குளச்சல் பக்கத்தில் வள்ளம், அதாவது படகு, செய்யும் ஓர் ஆசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் தொலைபேசியில் படத்தைப் பார்த்தார், தாடியைத் தடவினார், சொன்னார்: "இது வள்ளத்துக்க உள்பக்கம்தான் கேட்டியா. தண்ணி கேறாம பாக்கண்டாம், அவ்வளவுதான்." மரைன் பிளைவுட்டில் விலா வெட்டி, குறுக்குச் சட்டம் அடித்து, மேலே மெல்லிய பலகையை இரண்டு அடுக்காக வளைத்துப் பதித்தார். உச்சியில் இரும்புக் குழாய், பலகையைவிட ஓர் இழை வெளியே நீட்டியபடி. சக்கரம் அதைத் தட்டும்போது கேட்கும் 'டிங்' சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவன் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறான். ஈரப்பதத்துக்கு அசராத பலகை; பல வருஷமாகியும் ஒரு பக்கம்கூடப் பிரியவில்லை. ஆசாரி ஒவ்வொரு வருஷமும் வருகிறார். ஓட்டுகிறவர்களை அவர் அதிகம் பார்ப்பதில்லை. சக்கரம் ஏறி இறங்கும்போது பலகை எப்படி அமுங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் நாள் பயிற்சி, மறுநாள் போட்டி. எனக்கு முதல் நாள்தான் விருப்பம். அந்தச் சமயம் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் போயிருப்பார்கள். அவர்கள் போன அதே சாலை வழியாகத் திருவனந்தபுரத்துப் பையன்கள் இந்தப் பக்கம் வருவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். சக்கரங்களைக் கழற்றி, ஃபிரேமைச் சாக்கில் சுற்றி, கண்டக்டரிடம் கெஞ்சி ஏற்றிக் கொண்டுவருவார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சிலர் ரயிலில் நாகர்கோவில் வந்து இறங்குவார்கள். யாரும் லாட்ஜ் எடுப்பதில்லை. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பிரித்துப் படுக்கவைப்போம். என் வீட்டு மாடியில் எப்போதும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். இரவு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மலையாளம் பேசுகிறவன், கொங்குத் தமிழ் பேசுகிறவன், எங்கள் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தொலைபேசியில் ஒரே காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, "கால் இங்கதான் வருது, பாத்தியா" என்று விரலால் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள்.

பயிற்சி நாளில் முறை என்று எழுதி வைப்பதில்லை. ராம்புக்கு மேல் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். ஒருத்தன் இறங்கி முடித்ததும் அடுத்தவன் இறங்குவான். யார் அடுத்து என்பது கண்ணாலேயே முடிவாகிவிடும். சின்னப் பையன் தயங்கி நின்றால் பெரியவர்கள் சக்கரத்தைப் பின்னால் இழுத்து வழிவிடுவார்கள். ஒரு வருஷம் தூத்துக்குடிப் பையனின் முன்சக்கரக் கம்பிகள் உடைந்துவிட்டன. மறுநாள் அவனுக்குப் போட்டி. கம்பி கிடைக்கிற கடை விடுமுறை. எங்கள் கருங்கல் பையன் ஒருவன், அதே பிரிவில் அவனோடு மோதப் போகிறவன், "நான் முதல்ல ஓட்டுதேன், முடிஞ்சதும் எனக்க வீலை எடுத்துக்கோ" என்று சொல்லி, அப்படியே செய்தான். தன் முறை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து நட்டைக் கழற்றிக் கொடுத்தான். அந்தச் சக்கரத்தோடு ஓடி தூத்துக்குடிப் பையன் அவனைவிட அதிக மதிப்பெண் வாங்கினான். வீலைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டது டயரில் காற்று எவ்வளவு அடிப்பது என்பதைப் பற்றி.

இனி என் தொழில். விழுதல்.

விபத்துப் பிரிவில் நான் பார்த்தவர்கள் விழப்போகிறோம் என்று தெரியாமல் விழுந்தவர்கள். மனிதன் விழும்போது தன்னையறியாமல் கையை நீட்டுவான். முழு எடையும் நீட்டிய உள்ளங்கையில் இறங்கும். மணிக்கட்டு உடையும், அல்லது அடி தோளுக்கு ஏறிக் காறையெலும்பு உடையும். மணிக்கட்டில் கட்டைவிரலின் அடியில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு உண்டு. அது விரிசல் விட்டால் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும். ஆகவே என் மேசைக்கு யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் முதலில் கட்டைவிரலின் அடிக்குழியில் அழுத்திப் பார்ப்பேன். வலித்தால், அன்றைக்கு எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் கட்டுப் போட்டு, பத்து நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வேன்.

இந்தப் பிள்ளைகள் விழுவது வேறு வகை. முதலில் சைக்கிளைக் கைவிடப் படிக்கிறார்கள். காற்றில் இருக்கும்போதே தப்பிப் போனது தெரிந்தால் காலால் அதை எத்தித் தள்ளிவிட்டு, தனியாக வந்து இறங்குவார்கள். ராம்பின் வளைவில் முழங்கால் கவசத்தைப் பதித்துச் சறுக்குவார்கள். தரையில் என்றால் கையை மடக்கி, தோளை உருட்டி, முதுகால் புரண்டு எழுந்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். தும்பு, அதாவது தேங்காய்நார், அடைத்த சாக்குகளைக் குவித்து, சைக்கிள் இல்லாமல் மேலிருந்து விழச் சொல்வார்கள். "சாடுலே மக்கா, தோள வச்சுச் சாடு" என்று கீழே நின்று கத்துவார்கள். வெளிநாட்டுப் பார்க்குகளில் இதற்கு நுரைப்பஞ்சுக் குழி வைத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தும்பு.

அப்படியும் அடி படும். பெடலின் முள் கணுக்காலுக்கு மேலே கிழிப்பதுதான் அதிகம். தையல் போட அனுப்ப வேண்டிய காயங்களும் வரும். ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் இளகுவதில்லை. தலை தரையில் பட்டால், எவ்வளவு லேசாகப் பட்டாலும், அன்றைக்கு அவன் சைக்கிளைத் தொடக்கூடாது. டேவ் மிர்ரா என்ற அமெரிக்கர் இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர். 2000-ஆம் ஆண்டு எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் இரட்டை பேக்ஃபிளிப், அதாவது சைக்கிளோடு பின்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம், போட்டவர். அந்தப் போட்டிகளில் 14 தங்கம் உட்பட 24 பதக்கங்கள் வாங்கியவர். 2016 பிப்ரவரியில் 41 வயதில் இறந்துபோனார். பிறகு அவர் மூளையைப் பரிசோதித்தபோது, தலையில் திரும்பத் திரும்பப் படும் அடிகளோடு தொடர்புடைய சி.டி.இ. என்ற மூளைச்சிதைவு நோய் இருந்தது தெரிந்தது. இதை நான் பிள்ளைகளிடம் ஒளித்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் பயிற்சிக்கு முன் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்கிறேன். திருவனந்தபுரத்து மூத்த ஓட்டக்காரர் ஒருவர் இறுதிச்சுற்றுக்கு முன் பின்மண்டையில் லேசாக அடிபட்டார். அவர் ஜெயிக்க வேண்டிய வருஷம் அது. என்னிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "சிஸ்டரே, ஞான் இவிட இரிக்காம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஹெல்மெட்டில் கீறல் விழுந்திருந்தது. அதைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டேன், அடி வாங்கிய ஹெல்மெட் மறுபடி காப்பாற்றாது.

ஃபிளாட்லேண்டுக்கு வருகிறேன். ராம்பில் உயரம் இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு மூச்சு நிற்கும். ஃபிளாட்லேண்டில் உயரமே கிடையாது. நாலு பெக், வழுவழுப்பான தரை, ஓர் ஆள். ஹேங் ஃபைவ் என்று ஓர் அடிப்படை வித்தை உண்டு: முன்பெக்கில் ஒரு கால், மற்றக் கால் அந்தரத்தில், பின்சக்கரம் மேலே தூக்கியிருக்க, முன்சக்கரம் மட்டும் உருண்டு போகும். பார்க்க எளிதாகத் தெரியும். தொங்கும் காலின் அசைவு ஒன்றுதான் சமநிலை. இதைப் பிடிக்கவே மாதக்கணக்கு ஆகும். அதிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்குக் கால் தரையைத் தொடாமல் மாறிப்போக வேண்டும். 1980களில் பென்சில்வேனியாவின் யார்க் என்ற ஊரில் கெவின் ஜோன்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளான பிளைவுட் ஹுட்ஸ் என்ற குழுவும் இந்த உருளும் வித்தைகளை வளர்த்தார்கள். அதற்குமுன் பெரும்பாலும் பிரேக்கைப் பிடித்து ஓரிடத்தில் நின்று செய்வதாக இருந்தது. அவர்கள் டயரைக் காலால் உரசித் தள்ளி, சைக்கிளை ஓடவிட்டுக்கொண்டே செய்தார்கள். ஒரு சின்ன ஊரின் வண்டி நிறுத்துமிடத்தில் நாலு நண்பர்கள் தங்களுக்காகச் செய்தது உலகம் முழுக்கப் போனது. இன்று ஜப்பானில் இதற்கு இருக்கும் மதிப்பு தனி. ஸ்பெயினின் விக்கி கோமஸ், பிரான்ஸின் மத்தியாஸ் தந்துவா போன்றவர்களின் ஓட்டத்தை எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு நுட்பமும் எனக்குப் பிடிக்கும். சாதாரண ஃப்ரீவீல் சைக்கிளைப் பின்னால் உருட்டினால் பெடலும் பின்னால் சுற்றும். ஃப்ரீகோஸ்டர் என்ற பின்சக்கர ஹப், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி, வைத்தால் சக்கரம் பின்னோக்கி உருளும், பெடல் அசையாது. அதனால்தான் பின்பக்கமாக ஓடிக்கொண்டே வித்தையை நிதானமாகச் செய்ய முடிகிறது. இந்த ஹப் விலை அதிகம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் முதலில் வந்த ஹப் ஒன்றை மூன்று பேர் சேர்ந்து வாங்கி, வாரம் ஒருவர் என்று மாற்றி மாற்றி மாட்டி ஓட்டினார்கள்.

ஏன் எனக்கு இது அதிகம் பிடிக்கிறது என்றால், இங்கே உடம்பு அறிந்துகொள்வது கண்ணுக்குத் தெரிகிறது. முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வரும் ஒரு பெண்ணை முதலில் பார்த்தபோது பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பின்சக்கரத்தில் நின்று ஓட்டிக்காட்டினாள். அது பெரிய சைக்கிள், கனமானது. பையன்கள் ஒரு பழைய பிஎம்எக்ஸை அவளுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஹேங் ஃபைவுக்கு முயன்றாள், ஒரு கஜம்கூடப் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் அவள் அம்மா கூட வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "சிஸ்டர், இவ விழுந்தா ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று கேட்டார். "விழுவா. எப்படி விழணும்னு படிச்சிருக்கா" என்று சொன்னேன். புருஷன் கடலுக்குப் போன இரவுகளில் கண்விழித்துப் பழகிய பெண்மணி அவர். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது, தலையாட்டிவிட்டுப் பார்க்கத் தொடங்கினார். மகள் அன்றைக்குக் கொட்டகையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் போய், கால் ஊன்றாமல் வட்டமடித்துத் திரும்பினாள். எல்லாரும் முன்சக்கரத்தைத் தூக்கித் தரையில் தட்டினார்கள். இந்தக் கூட்டத்தின் கைதட்டல் அது. தகரக்கூரை, நாலு சுவர், முப்பது டயர்; நெஞ்சுக்குள் கேட்கும் அந்தச் சத்தம். அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

போட்டி நாளில் ராம்ப் ஓட்டத்துக்கு ஒரு நிமிஷம், ஒலிம்பிக்கில் உள்ளபடி. ஃபிளாட்லேண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். நடுவர்கள் மூன்று பேர், மூவரும் ஓட்டுகிறவர்கள், நூற்றுக்கு மதிப்பெண். டோக்கியோ முறையில் இரண்டு ஓட்டம், அதில் நல்லது கணக்கு. இந்த விதி எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. 2021 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பெண்கள் இறுதிப்போட்டியை நானும் அக்கா மகனும் காலையில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். இங்கிலாந்தின் ஷார்லட் வொர்திங்டன் முதல் ஓட்டத்தில் 360 பேக்ஃபிளிப், அதாவது பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே ஒரு முழுச் சுற்றும் சுற்றுவது, முயன்று விழுந்தார். எந்தப் பெண்ணும் அதுவரை போட்டியில் இறக்காத வித்தை. அமெரிக்காவின் ஹன்னா ராபர்ட்ஸ் 96.10 வாங்கி முன்னால் இருந்தார். இரண்டாவது ஓட்டத்தில் வொர்திங்டன் அதையே மறுபடி முயன்றார், இறக்கினார், 97.50. வேறு யாராக இருந்தாலும் இரண்டாவது முறை பத்திரமான வித்தைக்குப் போயிருப்பார்கள். அக்கா மகன் கண்கலங்கி உட்கார்ந்திருந்தான். ஆண்கள் பிரிவில் வெள்ளி வாங்கிய வெனிசுவேலாவின் டேனியல் டேர்ஸுக்கு அப்போது 36 வயது என்பதையும் எங்கள் மூத்த ஓட்டக்காரர்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியம் கடைசியில் வரும் ஜாம். எண் கிடையாது, முறை கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், அவரவருக்கு வராத ஒன்றை முயல்வார்கள், மிகச் சிறந்த ஒன்றுக்குப் பரிசு. பரிசு என்றால் ஒரு நேந்திரன் குலையும் ஒரு ஜோடி டயரும். போன வருஷம் ஜாம் முடிந்து மணி அடித்தாயிற்று. நடுவர்கள் பேனாவை மூடிவிட்டார்கள். வீல் கொடுத்த அந்தக் கருங்கல் பையன் மட்டும் டெயில்விப் முயன்றுகொண்டிருந்தான்: காற்றில் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளின் உடலை ஒரு முழுச் சுற்று எத்திவிட்டு, திரும்பி வரும் பெடல் மேல் காலை வைத்து இறங்குவது. வருஷக்கணக்காக அவனுக்கு வராத வித்தை. விழுந்தான். "இன்னும் ஒருக்கா மக்கா" என்று ஒருத்தன் சொன்னான். மறுபடி விழுந்தான். ஒரு கால் மட்டும் பெடலில் வந்தது. வெளியே மழை பெருத்து, தகரத்தில் விழும் சத்தத்தில் ஒலிபெருக்கியே கேட்கவில்லை. யாரும் சாப்பிடப் போகவில்லை. சென்னைக்கு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் பையைத் தோளில் மாட்டியபடி நின்றார்கள். நான் இரண்டு முறை அவனைக் கூப்பிட்டுக் கண்ணையும் மணிக்கட்டையும் பார்த்துவிட்டு அனுப்பினேன். மூன்றாம் முறை கூப்பிடுவதற்குள் இரண்டு காலும் பெடலில் வந்து இறங்கின. பரிசு ஏற்கெனவே திருநெல்வேலிக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது. அவர் குலையிலிருந்து ஒரு சீப்பை அறுத்து அவனிடம் கொடுத்தார், அங்கேயே எல்லாரும் தின்றோம்.

நான் வேலை செய்த இடங்களில் வலியைத் தனியாகப் படுக்கவைத்து திரை இழுத்து மூடுவோம். அது தேவைதான். ஆனால் ஒருத்தன் தோற்பதை அத்தனை பேர் சுற்றி நின்று கண்ணை எடுக்காமல், முகம் சுளிக்காமல், அவனுக்கு அது வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர்களால் முடிவதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் அந்த வித்தையின் விலை தெரியும். எந்த இடத்தில் கால் தவறுகிறது, எந்தக் கணத்தில் பயம் வருகிறது என்று அவரவர் உடம்பே சொல்லும். சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் இது கொஞ்சம் பிடிபட்டுவிடுகிறது.

இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில், கடலோர நடைபாதைக்குக் கீழே, தரைக்கடியில் ஒரு பெரிய பார்க் இருக்கிறது. ஒருகாலத்தில் அது விக்டோரியா காலத்துக் குளியல் மண்டபம். பிறகு வெகுநாள் பூட்டிக் கிடந்தது. 2016-ல் சைக்கிள்காரர்கள் அதை எடுத்துத் திறந்தார்கள். அங்கே அணி அணியாக ஓட்டும் போட்டியின் காணொளிகளை ராத்திரி எங்கள் வீட்டு மாடியில் இருந்து பார்க்கும்போது, பிள்ளைகள் ராம்பின் அளவைக் கணக்குப் போடுவார்கள். நான் சுவரைப் பார்ப்பேன், ஈரக்கசிவு எங்கே என்று. அணிப்போட்டியை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம் என்று இந்த வருஷம் பேச்சு. ஊர் வாரியாகப் பிரிக்கக்கூடாது, கலந்து பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி. திருவனந்தபுரத்துக்காரரும் முட்டத்துப் பெண்ணும் ஒரே அணியில் இருந்தால் இரண்டு பேருமே புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள்.

ஆசாரி இந்த முறை நடுவில் ஒரு ஸ்பைன் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்: இரண்டு வளைவுகள் முதுகோடு முதுகு சேர்ந்த மேடை. ஒரு பக்கம் ஏறித் தாவி மறுபக்கம் இறங்க வேண்டும். பலகைக்குப் பணம் சேர்க்கிறோம். மேற்குப் பக்கச் சுவரில் ஒழுகும் இரண்டு தகடுகளை மாற்ற வேண்டும். வர விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம், ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட் கொண்டு வரவும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம், கனம் கழுத்துக்கு ஆகாது. இரவு தங்குகிறவர்கள் முன்கூட்டிச் சொன்னால் மரச்சீனி எத்தனை கிலோ வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.